டெல்சி கை கூப்பிய ஞாயிற்றுக்கிழமை

"நேத்துள்ள சாளை. குழம்புக்கு ஆவும், பொரிக்க ஆவாது. வேணும்னா எடு, வேண்டாட்டா போ."

மீன் விற்கிறவள் இப்படிப் பேசினால் வியாபாரம் உருப்படுமா? டெல்சிக்கு உருப்பட்டது. சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள வயல்காட்டு ஊர்களில் பெண்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், ஒரு வருடம் கழித்து அவள் ஆட்டோவின் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். நல்லவள் என்று பெயர் வாங்குவதற்காக அவள் அப்படிச் செய்யவில்லை. பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கெல்லாம் யாரால் ஆகும் என்பது அவள் கட்சி. கூடவே அதே ஆட்டோவில் பதினெட்டு வருடம் மீன் விற்ற பேபி அப்படி இல்லை. நேற்றைய அயலையின் கண்ணில் உப்புத் தண்ணீர் தெளித்து இன்றைக்குப் பிடித்ததாக ஆக்கிவிடுவாள். இரண்டு பேரும் வழி நெடுக இதற்காகவே சண்டை போட்டுக்கொண்டு போவார்கள், சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

டெல்சிக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணமாகி மேலத்துறை என்ற கடற்கரை ஊருக்கு வந்தபோது இருபது. அவள் புருஷன் ததேயுஸ் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர், கோயில் பாடல்குழுவில் மட்டும் குரல் எழுப்புவார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பேபியின் வீடு எதிர் வீடு. நடுவில் இருக்கும் சந்து எவ்வளவு ஒடுக்கம் என்றால், இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள். பேபியின் மகன் ஷிஜின் சிறுவயதில் பாதிநாள் டெல்சி வீட்டில்தான் சாப்பிட்டான். முள் எடுத்துக் கொடுக்காவிட்டால் மீனைத் தொடமாட்டான் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

அந்த ஷிஜின்தான் ததேயுஸின் தலையில் துடுப்பால் அடித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். ஷிஜினுடைய வள்ளத்தின் என்ஜின் ததேயுஸ் விரித்திருந்த வலைக்குள் ஏறி அறுத்துவிட்டது. கரைக்கு வந்ததும் ததேயுஸ் கேட்டார். ஷிஜின் பதில் சொன்னான். பேச்சு வளர்ந்தது. ததேயுஸ் போதும் என்று திரும்பி நடந்தார். பின்னாலிருந்து அடி விழுந்தது. டெல்சி ஏலத்துக்காகப் பாத்திரத்தோடு பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் துடுப்பைக் குனிந்து எடுத்ததையும், இரண்டு கையாலும் ஓங்கியதையும் பார்த்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தாள், அதற்குள் முடிந்துவிட்டது.

கரையில் இன்னும் பதினோரு பேர் நின்றார்கள். போலீஸ் கேட்டபோது பதினோரு பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தபோது விழுந்து கிடந்தார். அத்தனை பேரும் அந்த நொடியில் ஒன்றாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடலில் அப்படி என்ன அதிசயம் நடந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ததேயுஸ் பிழைத்துக்கொண்டார். வலது கையும் வலது காலும் விளங்காமல் போயின. பேச்சும் போனது. டெல்சி என்ற பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு மாலை, அந்தத் தெருவின் பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. எல்லோரும் பரலோகத் தந்தையை நோக்கிச் செபிக்கத் தொடங்கியதும் கட்டிலில் கிடந்த ததேயுஸின் வாய் அசைந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். பெண்கள் அழுதார்கள். புதுமை நடந்துவிட்டது என்று தெருவே கூடியது. ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் விளக்கினார்: சின்ன வயதிலிருந்து பழகிப்போன வார்த்தைகள் தனியாக வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கும், அவை வரும், அவற்றை வைத்து அவரால் வேறு எதையும் பேச முடியாது. அன்றிலிருந்து ததேயுஸுக்குப் பேச்சு என்றால் அந்தச் செபம்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், வலிக்கிறது என்றாலும் அதுதான்.

அவர் சொல்லும்போது டெல்சியும் கூடச் சொல்வாள். பிறர் செய்த குற்றத்தை நாங்கள் பொறுக்கிறோம் என்ற இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அவர் அந்த வரியைத் தனியாகச் சொல்லிக் கடந்து போவார்.

மேலத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. பகைகொண்ட இரண்டு பேர், பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில், ஊர் பார்க்க ஒருவரை ஒருவர் நோக்கிக் கை கூப்பித் தலை தாழ்த்தினால் அந்தப் பகை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அதை ஸ்டேஷனில் பேசக்கூடாது, கடற்கரையில் பேசக்கூடாது, குடித்துவிட்டுக்கூடப் பேசக்கூடாது. பேசினால் ஊர் அந்த வீட்டோடு ஒட்டாது. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஊர் இரண்டுபட்டு, வள்ளங்கள் எரிந்து, நாலு பேர் செத்த பிறகு வந்த ஏற்பாடு இது. செத்த நாலு பேரில் ஒருவர், இப்போது கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப்பேரவையின் துணைத்தலைவராக இருக்கும் மரியஜானின் அப்பா. அப்பாவைக் கொன்றவனை நோக்கிப் பதினாறு வயதில் கை கூப்பியவர் மரியஜான். அந்த வழக்கம் எத்தனையோ பெண்களின் தாலியைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கேலி பேச யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் கூப்பிய கைக்குள் எதையெல்லாம் வைத்து மறைக்கலாம் என்பதையும் ஊர் இந்த நாற்பது வருடத்தில் கற்றுக்கொண்டிருந்தது.

தவக்காலத்தின் நாலாவது ஞாயிறு. பெண்கள் பக்கம், நடுப்பாதையை ஒட்டிய ஓரத்தில் டெல்சி நின்றாள். ததேயுஸைத் தனியே விட்டு வந்திருப்பதால் பூசை முடிந்ததும் முதல் ஆளாக ஓட வேண்டும். புதிதாக வந்து எட்டு மாதமே ஆன பங்குத்தந்தை மன்னிப்பைப் பற்றி நன்றாகத்தான் பிரசங்கம் வைத்தார். டெல்சி பாதி கேட்டாள், பாதி அடுப்பில் வைத்துவிட்டு வந்த கஞ்சியை நினைத்தாள்.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. இடப்பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். பின்பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். நடுப்பாதைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையின் ஓரத்தில், தலையைத் தாழ்த்திக் கை கூப்பி ஒருவன் நின்றான். அவளும் கூப்பினாள். தலையும் குனிந்தது. நிமிர்ந்தபோதுதான் அது ஷிஜின் என்று தெரிந்தது.

எப்போதும் கோயிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்று பூசை பார்க்கிறவன் அவன். அன்றைக்கு அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டெல்சியின் கை மூளையைக் கேட்டுக்கொண்டு கூப்பவில்லை. நாற்பது வருடமாகத் திரும்பிய பக்கமெல்லாம் கூப்பிப் பழகிய கை அது. பிரித்துக் கீழே போட்டாள், ஆனால் ஊர் பார்த்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ "ஏசுவே நன்றி" என்று சத்தமாகச் சொன்னார்கள். பங்குத்தந்தை ஒலிபெருக்கியில் இறைவனுக்கு நன்றி சொன்னார். மரியஜான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பேபி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். டெல்சி மரம்போல நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பேபி தொடுகிறாள், அந்த மீன்வாடையும் வியர்வையும் அவளுக்குப் பழக்கமானவை, தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

அன்று மாலையே மரியஜான் வீட்டுக்கு வந்தார்.

"டெல்சி, நீ இன்னைக்குச் செய்தது பெரிய காரியம். ஊரு மறக்காது."

"நான் ஒண்ணும் செய்யல அண்ணே. ஆளப் பாக்காம கை கூப்பினேன்."

"கூப்பினது கூப்பினதுதான். பீடத்துக்கு முன்னால நடந்துட்டு. இனி அத மாத்தப்புடாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "வாற மாசம் இருவத்திமூணாந்தேதி கோர்ட்டு இருக்குல்லா. நீ போ. போயி, சத்தம் கேட்டுது, திரும்பிப் பாக்கும்போ கெடந்தாவன்னு சொல்லு. அம்புடுதான். மத்தவியளும் அததான் சொல்லுதாவ."

"நான் பாத்தேனே அண்ணே."

"பாத்தது யாருக்குத் தெரியும்? கேஸ வாபஸ் வாங்கச் சட்டத்துல வழியில்லியாம். பாத்தவ இல்லேன்னா கேஸு நிக்காது. பயலுக்கு வெளிநாட்டு விசா வந்திருக்கு. அவன் வாழ்க்கைய நீதான் குடுக்கணும். எங்கப்பாவக் கொன்னவனுக்கு நான் குடுத்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. அதனால்தான் டெல்சியால் அவரை வெளியே போ என்று சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே அலைக்கழிப்பு. ஷிஜினை அவள் வெறுக்கிறாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முதல் வருடம் அவன் கை அழுகிப்போக வேண்டும் என்று மனமாரச் சபித்தாள், அதையும் பாவமென்று கோயிலில் சாமியார் காதில் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். பிறகு வெறுப்பும் அசந்துபோனது. தினம் நாலு தடவை ஒரு ஆளைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்து, மூத்திரத் துணி மாற்றுகிறவளுக்கு இன்னொருத்தனை வெறுத்துக்கொண்டிருக்க நேரம் ஏது? ஆனால் கோர்ட்டில் போய் "பார்க்கவில்லை" என்று சொல்லவும் அவளால் ஆகாது. துடுப்பு ஓங்கியதைப் பார்த்த உயிர் உலகத்தில் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. அவளும் பார்க்கவில்லை என்றால் ததேயுஸ் தானாகவே விழுந்தவர். தானாக விழுந்து, தானாக ஊமையானவர். இன்னொரு பக்கம், கோயிலுக்குள் கை கூப்பிவிட்டுக் கோர்ட்டில் கை நீட்டினால் கடவுளுக்கு முன்னால் தான் யார் என்ற பயமும் இருந்தது. நரகத்தை நம்புகிறவள் அவள், விளையாட்டாக நம்புகிறவள் இல்லை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டாள்.

"மனசு இல்லாம கை கூப்பினேன் ஃபாதர். அது பாவமா?"

"கை முந்திக்கிட்டுதுன்னு நினைச்சுக்கோங்கம்மா. மனசு பின்னால வரும்."

"மனசு வாறது வரட்டு. கோர்ட்டுல பாக்கலேன்னு சொல்லச் சொல்லுதாவ. அது பாவமில்லியா?"

"பொய் சாட்சி சொல்லுங்கன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

"அப்போ உள்ளதச் சொல்லுன்னு சொல்லுதியளா?"

"ஊர் ரெண்டுபட்டா மறுபடியும் ரத்தம் விழும்மா. நான் அதையும் பாக்கணும் இல்லியா?"

"ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க ஃபாதர். நான் மீன் விக்கவ. எனக்கு இம்புடுதான் புத்தி."

"செபிங்கம்மா. கடவுள் வழி காட்டுவார்" என்று சொல்லி, அபராதமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். அது செய்த பாவத்துக்கா, செய்யப்போகிற பாவத்துக்கா என்று அவர் விளக்கவில்லை. டெல்சிக்கு ஆத்திரமாக வந்தது. எட்டு மாதமாக மன்னிப்பு, மன்னிப்பு என்று பீடத்திலிருந்து முழங்குகிறவர், ஒருத்தி நேருக்கு நேர் கேட்டதும் கடவுளைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டார். ஆனாலும் செபமாலையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் மத்தியானம் பேபி வந்தாள்.

"டெல்சி, ஒன் காலப் புடிக்கேன். அவன விட்டுரு."

டெல்சி அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "ஏட்டி, எனக்கு முன்னால வந்து கை கூப்புனானே, அடி பட்டது எனக்கா? ரெண்டு வருசமா இந்தச் சந்தக் கடந்து ஒருநாள் வந்தானா? அடிபட்டுக் கெடக்க அவிய முன்னால வந்து நிக்கட்டு. நான்தான் அடிச்சேன்னு வாயத் திறந்து சொல்லட்டு. பொறவு நான் யோசிக்கேன்."

அவன் அப்படிச் சொல்லிவிட்டால் தான் என்ன செய்வோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இளகிப்போய்ப் பொய் சொல்ல ஒத்துக்கொண்டுவிடுவோமோ என்று உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே பேபி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சீப்பு பாளையங்கோட்டான் பழம். ஷிஜின் வாசலிலேயே நின்றான். இருபத்தாறு வயதுக்காரன், இளைத்துப்போய் தாடியோடு இருந்தான்.

"வா மக்கா. உள்ள வா" என்றாள் டெல்சி. அப்படிக் கூப்பிடுவோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அவன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். ததேயுஸ் அவனைப் பார்த்தார். இடது கை போர்வையைப் பிடித்து இறுக்கியது.

"மாமா" என்றான். "அன்னைக்கு... அப்பிடி ஆயிப்போச்சு மாமா."

"எப்பிடி ஆயிப்போச்சு?" என்றாள் டெல்சி.

"கையில துடுப்பு இருந்துது. மாமா திரும்புனாவ. பட்டுட்டு."

"பட்டுட்டா? குனிஞ்சு எடுத்தியே மக்கா. நான் பாத்தேனே. ரெண்டு கையாலயும் ஓங்குனியே."

அவன் கண் கலங்கியது. வாய் திறந்தது. அப்போது பேபி குறுக்கே வந்தாள். "வக்கீலு யாருகிட்டயும் ஒத்துக்கப்புடாதுன்னு சொல்லியிருக்காரு டெல்சி. அவன் மனசுல இருக்கு. நீ கண்டுக்கிடாத." ஷிஜின் வாயை மூடிக்கொண்டான்.

ததேயுஸின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் செபத்தைத் தொடங்கினார். குழறலே இல்லாமல், பாடல்குழுவில் பாடிய அதே குரலில், ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு போனார். பிறர் குற்றம் பொறுக்கும் வரியும் வந்தது, போனது. பேபி அப்படியே தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டாவ! கேட்டியாட்டி, அவியளே மன்னிச்சிட்டாவ. இனி ஒனக்கென்ன?"

"நிறுத்துட்டி." டெல்சி அவள் கையைக் கட்டில் காலிலிருந்து பிரித்து எடுத்தாள். "அவியளுக்கு வேற வார்த்த இல்ல. அழுதாலும் அதான், ஒண்ணுக்குப் போவணும்னாலும் அதான். அது மன்னிப்புன்னு ஒனக்கு யாரு சொன்னா? எங் கை பழகுன பழக்கத்துல கூப்புச்சு, அத ஊரு புடிச்சுக்கிட்டு. இப்போ அவிய வாயி பழகுனதச் சொல்லுது, அத நீ புடிச்சுக்கிடுத. கையும் வாயும் கெடச்சாச்சு. உள்ள இருக்க மனுசன எவளாவது கேட்டியளா?"

பேபி எழுந்து மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். பழச்சீப்பு தரையில் கிடந்தது. ததேயுஸ் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். டெல்சி போர்வையை விலக்கிப் பார்த்தாள், துணி நனைந்திருந்தது. அவர் அதற்காகச் சொன்னாரா, அவனுக்காகச் சொன்னாரா, அதைச் சொல்ல அவருக்கும் வழியில்லை. துணியை மாற்றிக்கொண்டே அவள் வாய்விட்டு அழுதாள். "நான் உள்ளதச் சொல்லப் போறேன், கேட்டேளா? வேண்டாம்னா கையப் பிடிச்சு நிறுத்துங்க" என்றாள். அவர் இடது கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார். அதையும் அவள் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளத் துணியவில்லை.

அவள் சாட்சி சொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் ஊர் வாயைத் திறந்து எதையும் சொல்லவில்லை. ஏலத்தில் அவள் குரல் யார் காதிலும் விழாமல் போயிற்று. மேலத்துறையில் மீன் எடுக்க முடியாமல் அடுத்த ஊர் கரைக்குப் போக வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய இடி வேறு. வியாழக்கிழமை தோறும் ததேயுஸை நாகர்கோவிலுக்குக் கை கால் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுவாசலிலிருந்து சந்துக்கு இறங்க ஐந்து படி. தூக்கிவிட இரண்டு வருடமாகத் தெருவில் யாராவது இரண்டு ஆண்கள் வருவார்கள், கூப்பிடக்கூட வேண்டாம். அந்த வியாழக்கிழமை யாரும் வரவில்லை. ஆட்டோக்காரர் சுயம்புராஜ் அய்யாவழிக்காரர், இந்தக் கோயிலுக்கு வராதவர், வெளியூர், ஊர்க்கட்டு அவரைத் தொடாது. ஆனால் அவருக்கு முதுகுப் பிடிப்பு. இரண்டு பேருமாக முயன்று, மூன்றாவது படியில் ததேயுஸ் சரியப் பார்த்து, மறுபடி மேலேற்றிப் படுக்க வைத்தார்கள். அன்றைக்குப் பயிற்சி இல்லை.

இருபத்துமூன்றாம் தேதி நாகர்கோவில் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் சுனிதா அவளைப் பார்த்ததும், "இன்னும் மனசு மாறலியேம்மா?" என்று சந்தேகமாகத்தான் கேட்டார். மேலத்துறைச் சாட்சிகளை நம்பி அவர் ஏற்கெனவே மூன்று வழக்கில் ஏமாந்தவர். "மாறாது" என்றாள் டெல்சி.

கூண்டில் ஏறி, கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சொல்லிவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். குனிந்து எடுத்தது, இரண்டு கையால் ஓங்கியது, பின்னாலிருந்து அடித்தது. பின்வரிசையில் மரியஜான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேபி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், இனிமையாகப் பேசுகிறவர்.

"போன மாசம் கோயில் பூசையில, ஊரே பார்க்க, இவருக்கு நீங்க கை கூப்பி சமாதானம் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அது உங்க மார்க்கத்துல மன்னிப்புத்தானே?"

தெரியாமல் கூப்பினேன் என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்தான். எதிர்க் கூண்டில் ஷிஜின் நின்றான். புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டை, விசாவுக்குப் படம் எடுக்கத் தைத்ததாக இருக்கும். பொத்தான் ஒன்று தவறிப் பூட்டியிருந்தது. அதைச் சரியாகப் போட்டுவிட வேண்டும் என்று அவள் கை பரபரத்தது. அவன்மேல் இருந்த கோபத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை.

"ஆமா சார். மன்னிச்சுட்டேன்."

பேபி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வக்கீல் திருப்தியாகத் தலையசைத்தார். "மன்னிச்சாச்சு. அப்படின்னா இவர்மேல உங்களுக்கு ஒரு குற்றச்சாட்டும் இல்லை. சரிதானே?"

"அவன் அடிக்கலேன்னா நான் என்னத்துக்கு சார் மன்னிக்கணும்?"

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நீதிபதி, "மெதுவாக மறுபடி சொல்லுங்கள்" என்றார். டெல்சி மெதுவாகச் சொன்னாள். அது பதிவானது. வக்கீல் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்தார்.

மன்னித்தால் மனசு லேசாகும் என்றுதான் சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லேசாகவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது ஷிஜின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தாள். அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அடித்து நொறுக்கவும் தோன்றியது. தீர்ப்புக்கு இன்னும் மாதங்கள் ஆகும் என்றார் சுனிதா. விசா அதுவரை காத்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வராந்தாவில் மரியஜான் அவளைக் கடந்து போனார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "எங்கப்பாவ யாரு கொன்னான்னு எந்தக் கோர்ட்டுலயும் எழுதல டெல்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அது திட்டா, வேறு ஏதாவதா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை எட்டு மணிக்குச் சுயம்புராஜ் ஆட்டோவைச் சந்தின் முனையில் நிறுத்தினார். டெல்சி ததேயுஸைக் கக்கத்தில் கைகொடுத்து எழுப்பி வாசல்வரை இழுத்து வந்துவிட்டாள். சுயம்புராஜ் கால்பக்கம் குனிந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சந்து நெடுக ஜன்னல்களில் ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் கடலைப் பார்க்கவில்லை.

பேபியின் வீட்டுக் கதவு திறந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தைக் கடந்து வந்தாள். சுயம்புராஜை ஒதுக்கிவிட்டு ததேயுஸின் இரண்டு கால்களையும் முட்டிக்குக் கீழே சேர்த்துப் பிடித்தாள். ஐந்து படி. இரண்டு பெண்களும் மூச்சு வாங்க, பக்கவாட்டில் நகர்ந்து, ஒவ்வொன்றாக இறங்கினார்கள். ஆட்டோவுக்குள் அவரை உட்கார வைத்ததும் அவர் இடுப்பில் உடுத்தியிருந்த, முட்டிக்கு மேல் ஏறிப்போன சாரத்தைப் பேபியே கணுக்கால்வரை இழுத்துவிட்டாள்.

"பேபி" என்றாள் டெல்சி.

"ஒன்ன நான் மன்னிக்கமாட்டேன், கேட்டியா?" பேபி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். குரல் உடையவில்லை. "சாவுத வரைக்கும் மாட்டேன். எம்மவன் செய்ததுக்கு இத நான் தூக்குதேன். நீ செய்ததுக்கு எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. அடுத்த வியாழனும் வாறேன்."

அவள் சந்தைக் கடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'எம்மவன் செய்ததுக்கு' என்றாளே, துடுப்பை ஓங்கியது அவன்தான் என்று இரண்டு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அதற்காகத்தான் இத்தனை நாளும் டெல்சி காத்திருந்தாள். கிடைத்தபோது அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. ததேயுஸின் தொய்ந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுசீந்திரம் தாண்டும்வரை விம்மிக்கொண்டே போனாள்.